கேஸ்ட்ரிக் பைபாஸ் முடிஞ்சு தேயிலைத் தோட்டத்துக்கு வந்த பிறகு என்ன கவனிக்கணும்?

தலவாக்கலை தம்பி:
அக்காவுக்கு 38 வயசு, 112 கிலோ, உயரம் 5 அடி 2 அங்குலம். சுகர், பிரஷர் ரெண்டும் இருக்கு. எடை குறைக்கிறதுக்காகக் கொழும்புல கேஸ்ட்ரிக் பைபாஸ் ஒப்பரேஷன் செய்ய முடிவாகியிருக்கு. உள்ளுக்க என்னத்த வெட்டுவாங்க? வீட்டுச் சமையல்ல என்ன குடுக்கலாம்? எதுக்குப் பயப்படணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வார்டுக்காரன்:
தம்பி, எதையும் வெட்டி வெளிய எடுக்கிறதில்ல. இரைப்பையோட மேல் பகுதியில, கோழி முட்டையை விடச் சின்னதா, 30 மில்லி அளவு பிடிக்கிற பையை மட்டும் பிரிச்சு ஸ்டேப்பிள் அடிப்பாங்க. சிறுகுடலை வெட்டி, கீழ்த்துண்டை மேல இழுத்து அந்தப் பையில பொருத்துவாங்க. மிச்ச இரைப்பை உள்ளயே இருக்கும். அதுல சுரக்கிற நீரும் பித்தமும் ஒரு மீட்டர் அளவு கீழ போய்த்தான் சாப்பாட்டோட சேரும். சின்னச் சின்ன ஓட்டை போட்டு கேமராவால செய்யிற ஒப்பரேஷன். ஆஸ்பத்திரியில ரெண்டு மூணு நாள்.

ஒப்பரேஷனுக்கு முந்தின ரெண்டு கிழமை சோறு, பாண், சீனியைக் குறைக்கச் சொல்வாங்க. அதை ஏனோதானோன்னு செய்யாதீங்க. கொழுப்பு ஏறின ஈரல் இரைப்பையை மூடிக்கிட்டு இருக்கும். அது சுருங்கினாத்தான் கேமராவுக்கு வழி. வெத்தலையோட போயிலை போடுற பழக்கம் இருந்தா 6 கிழமைக்கு முந்தியே நிப்பாட்டணும். பிறகும் தொடக்கூடாது, பொருத்தின இடத்துல புண் வரும்.

ஒப்பரேஷன் முடிஞ்ச சில நாள்லயே சுகர் இறங்கும். இன்சுலினையும் கிளிக்ளசைட்ங்கிற சுகர் மாத்திரையையும் பழைய அளவுல தொடர்ந்தா மயக்கம்தான். புது அளவை டயக்னோசிஸ் கார்ட்ல (வீட்டுக்கு அனுப்பும்போது தர்ற நோய் விவரக் கார்ட்) எழுதி வாங்காம வார்டை விட்டு வராதீங்க. எடை, ஒண்ணு ஒண்ணரை வருஷத்துல 30, 35 கிலோ இறங்கினா நல்ல பலன்.

கொழுந்துக்கூடை:
சாப்பாட்டை நான் சொல்றேன். முதல் ரெண்டு கிழமை தண்ணியா மட்டும்: வடிச்ச பருப்புத்தண்ணி, சீனியில்லாத ஆடை எடுத்த பால், சூப். பாணி மருந்துப் போத்தலோட ஒரு குட்டிக் கப் வருமே, அதால 30 மில்லி, கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா. அப்படி உறிஞ்சினா ஒரு நாளைக்கு ஒண்ணரை லீட்டர் சேந்துரும். 3ஆம், 4ஆம் கிழமை மசிச்சது: பருப்பு, தயிரோட முட்டை, முள்ளெடுத்த மீன். பிறகு ரெண்டு கிழமை மென்மையான சாப்பாடு. நாளைக்கு 60 கிராம் புரதம் வேணும். ஒரு முட்டையில 6 கிராம்தான், அதனால முதல் மாசங்கள்ல புரத மா இல்லாம சமாளிக்கிறது கஷ்டம்.

ரொட்டியும் சூடான பாணும் பசை மாதிரி உருண்டு பையோட சின்ன வாசல்ல அடைச்சுக்கும்; நெஞ்சு இறுகி, நுரை நுரையா எச்சில் வரும். சாப்பிடும்போது தண்ணி வேணாம், அரை மணித்தியாலம் கழிச்சுக் குடிக்கலாம்.

நம்ம ஆளுங்க உள்ளங்கையில சீனியை வச்சு நக்கிக்கிட்டே பிளேன்டீ குடிப்பாங்களே, அது இனிக் கூடாது. சீனி நேரா குடல்ல இறங்கினா 10 முதல் 30 நிமிஷத்துல நெஞ்சு படபடக்கும், வேர்க்கும், வயித்தால போகும். சிலருக்கு ஒண்ணு ரெண்டு மணித்தியாலம் கழிச்சு சுகர் திடீர்னு இறங்கிக் கை நடுங்கும்.

மாத்திரைப்பெட்டி:
விட்டமின் ஆயுசுக்கும். எடை குறைஞ்சதும் நிறையப் பேர் விடுறது இதைத்தான். பி12 ஊசி 3 மாசத்துக்கு ஒருக்கா. இரும்பு நாளைக்கு 45 முதல் 60 மில்லிகிராம். கல்சியம் 1200 முதல் 1500 மில்லிகிராம், ரெண்டு மூணு தடவையாப் பிரிச்சு. கார்பனேட்டை விட சிட்ரேட் நல்லது. கார்பனேட் கரைய அமிலம் வேணும், அந்தக் குட்டிப் பையில அது இருக்காது. இரும்பும் கல்சியமும் 2 மணித்தியால இடைவெளியில. தேத்தண்ணியோட இரும்பு மாத்திரை போட்டா போடாத மாதிரிதான்.

இடுப்பு வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வேணவே வேணாம், பெனடோல் போதும். தோட்ட டிஸ்பென்சரியில முன்கூட்டியே சொல்லி வைங்க. ஒண்ணரை வருஷத்துக்குக் கர்ப்பம் தள்ளிப்போடணும். கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது, கிளினிக்ல கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற லூப் கேளுங்க. 3ஆம் மாசத்துக்குப் பிறகு முடி கொட்டும். புரதம் சரியா இருந்தா திரும்ப வளரும்.

வார்டுக்காரன்:
பயப்பட வேண்டியதை விட்டுட்டேன். முதல் ரெண்டு கிழமை: நாடி 120க்கு மேல, காய்ச்சல், மூச்சு வாங்கல், இடது தோள் வலி. பொருத்தின இடம் கசியலாம். வயிறு இறுகாம மெத்துன்னுதானே இருக்குன்னு காத்திருக்காம 1990 அம்புலன்ஸுக்கு அடிங்க. கொழும்புலருந்து வரும்போது மணித்தியாலத்துக்கு ஒருக்கா வேனை நிப்பாட்டி நடக்க வைங்க. கினிகத்தேனை வரைக்கும் தூங்கிக்கிட்டே வந்தா கால்ல ரத்தம் கட்டும்.

வாந்தி ரெண்டு மூணு நாள் நிக்கலன்னா தயமின் (விட்டமின் பி1) குறையும். பார்வை ரெண்டாத் தெரியும், நடை தள்ளாடும். டெக்ஸ்ட்ரோஸ் சேலைன் ஏத்த முந்தி தயமின் ஊசி போடணும், இதை டொக்டர்கிட்ட வாய்விட்டே சொல்லுங்க. மாசங்கள், வருஷங்கள் கழிச்சும், சாப்பிட்ட பிறகு தொப்புளைச் சுத்தி முறுக்கி முறுக்கி வலிச்சா கேஸுன்னு விடாதீங்க. குடல் இடுக்குல சிக்கியிருக்கலாம். எண்டோஸ்கோப்பியில தெரியாது, சீடி ஸ்கேன் வேணும். டிக்கோயாவோ நுவரெலியாவோ, போற ஆஸ்பத்திரியில முதல் வார்த்தை 'பைபாஸ் செஞ்சது'ன்னு இருக்கணும். கார்டை போன்ல படம் பிடிச்சு வைங்க.

தலவாக்கலை தம்பி:
பெரிய உதவி அண்ணே, அக்கா. சீனியில்லாத பிளேன்டீ எப்பருந்து குடிக்கலாம்னு அக்கா கேக்குது.

கொழுந்துக்கூடை:
முதல் மாசம் வேணாம்னு சொல்லுங்க. பிறகு லைட்டா, ஆறவச்சு. இரும்பு மாத்திரைக்கு ஒரு மணித்தியாலமாவது தள்ளி.