டைட்டனில் மழைத்துளி மெதுவாகத்தான் விழுகிறது. ஆறு எப்படி வெட்டுகிறது?

கெடிலக்கரை:
கடலூரில் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு 'வேற்றுலக ஆறு' மாதிரி ஒன்று தயாராகிறது. சனியின் நிலவான டைட்டனில் மீத்தேன் மழைத்துளி ஒரு சென்டிமீட்டர் வரை பருக்குமாம், ஆனால் நொடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில்தான் இறங்குமாம். நம்மூர் ஐப்பசி மழையில் பெரிய துளி நொடிக்கு 9 மீட்டர். ஈர்ப்பும் அங்கே ஏழில் ஒரு பங்கு. அப்படியிருக்க, 2005 ஜனவரி 14-ல் அங்கே தரையிறங்கிய ஹைகன்ஸ் கலம் எடுத்த படங்களில் கிளைவிட்ட ஓடைகளும் உருண்ட கற்களும் எப்படி? இதைப் பிள்ளைகளுக்குக் கண்ணால் காட்ட வழி உண்டா?

செம்மண் ஓடை:
கற்களை உருட்டியது ஓடிய வெள்ளம். துளியின் வேகத்துக்கு அதில் பங்கு குறைவு. ஈர்ப்பு குறைந்தால் வெள்ளம் வலுவிழக்கும் என்று எல்லாரும் நினைப்பதுதான், ஆனால் கணக்குப் போட்டால் வேறு மாதிரி வருகிறது. படுகையை இழுக்கும் விசை என்பது திரவ அடர்த்தி × ஈர்ப்பு × ஆழம் × சரிவு. கல்லைப் பிடித்து நிறுத்துவது திரவத்துக்குள் அதன் எடை. அதிலும் அதே ஈர்ப்பு. ஒன்றை ஒன்றால் வகுத்தால் ஈர்ப்பு அடிபட்டுப் போகும். மிஞ்சுவது, கல் திரவத்தைவிட எவ்வளவு கனம் என்பது மட்டும் (இரண்டின் அடர்த்தி வித்தியாசத்தைத் திரவ அடர்த்தியால் வகுத்த எண்). தண்ணீரில் குவார்ட்ஸுக்கு, அதாவது சாதாரண ஆற்று மணலின் கனிமத்துக்கு, அந்த எண் 1.65. டைட்டனில் கல் என்றால் பனிக்கட்டி (0.92), திரவ மீத்தேன் 0.45, ஆக எண் 1.04.

10 செ.மீ. கல், நூற்றுக்கு ஒன்று சரிவு, ஷீல்ட்ஸ் எண் (கல் நகரத் தொடங்கும்போது இழுவிசைக்கும் கல்லின் எடைக்கும் உள்ள விகிதம்) 0.045 என்று வைத்தால், பூமியில் 74 செ.மீ. ஆழ ஓட்டம் வேண்டும். டைட்டனில் 47 செ.மீ. போதும்! ஹைகன்ஸ் பார்த்த கற்களில் பெரியவையே 15 செ.மீ. வரைதான். ஓட்டத்தின் வேகம் மட்டும் ஈர்ப்பின் வர்க்கமூலத்தோடு குறையும், அதாவது இங்குள்ளதில் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்றே கீழே. வெள்ளம் மெதுவாக வரும், மெதுவாக வடியும்.

அடுத்தது மழையின் அளவு. அங்கே வெயில் மிக மங்கல், ஆவியாவது மந்தம், காற்று மீத்தேனைச் சேர்த்து வைத்துக்கொண்டு எப்போதாவது ஒரேயடியாகக் கொட்டிவிடும். கடும்புயலில் நாளுக்கு ஏறத்தாழ 30 செ.மீ. என்கின்றன கணினி மாதிரிகள். அப்புயல்கள் கூடுதலாக வருவது 60 பாகை அகலாங்கை ஒட்டி. சனியைச் சுற்றிய காசினி கலத்தின் ரேடார் வண்டல் விசிறிகளை (ஆறு விசிறி வடிவில் கொட்டிய படிவுகளை) கண்டதும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். ஒப்பிட வேண்டுமானால், 2024 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.-க்கு மேல் கொட்டியது.

சூளைமேட்டுக்காரன்:
காட்ட வழி உண்டு. அகலத் தொட்டி வேண்டாம். 120 × 45 செ.மீ. தொட்டியில் 6 செ.மீ. மணல் போட்டாலே 50 கிலோ, மேசை தாங்காது. 110 மி.மீ. பிவிசி குழாய் 120 செ.மீ. வாங்கி நீளவாக்கில் அறுங்க, இரண்டு வாய்க்கால் கிடைக்கும். ஒன்றில் ஆற்று மணல், மற்றதில் உடைத்த செங்கல். இரண்டும் 1–2 மி.மீ. சல்லடையில் சலித்தது, 2 செ.மீ. தடிமன். நன்றாக ஊறிய செங்கலின் அடர்த்தி 2.1-ஐ ஒட்டி வரும், அதனால் தண்ணீரில் அதன் எண் 1.1. டைட்டன் பனிக்கட்டிக்கு இதைவிட நெருக்கமான பொருள் சூளைப் பக்கம் மலிவாகக் கிடைக்காது.

சரிபார்க்க, ஒரு செங்கல் துண்டை இரவு முழுக்க ஊறவைத்து, ஈரத்தை ஒற்றி எடுத்து, ஸ்பிரிங் தராசில் நிறுங்க. பிறகு தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுங்க. முதல் எடையை இரண்டின் வித்தியாசத்தால் வகுத்தால் அடர்த்தி. ஊறாத செங்கலில் காற்று இருக்கும், எண் பொய்யாகும்.

மேல்முனையை 6 செ.மீ. உயர்த்துங்க. நிமிடத்துக்கு ஒரு லிட்டரில் தொடங்கி மூன்று வரை மெல்லக் கூட்டுங்க (லிட்டர் பாட்டில் 30 நொடியில் நிரம்பினால் இரண்டு). செங்கல் முதலில் உருளும். மணல் கொஞ்சம் கழித்துத்தான். தண்ணீர் விழும் இடத்தில் ஸ்பாஞ்ச் வைக்காவிட்டால் குழி விழும். கீழ்முனையில் 2 செ.மீ. தடுப்பும் வலையும் இல்லையென்றால் அங்கே படுகை சரிந்து, சரிவு மேல்நோக்கி ஏறிக்கொண்டே வரும். வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு 'ஆறு வெட்டுது' என்பார்கள். செங்கல் தூசியை நான்கைந்து தண்ணீரில் அலசாவிட்டால் படுகை களி மாதிரி இறுகி எதுவும் உருளாது.

செம்மண் ஓடை:
அருமை. ஆனால் துளியை முழுக்கத் தள்ளிவிட முடியாது, நானே மேலே கொஞ்சம் அழுத்திச் சொல்லிவிட்டேன். வெற்று மண்ணைத் தெறிக்க வைத்து, நுண்துளைகளை அடைத்து, தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலே ஓடச் செய்வது துளிதான். பொம்மையார்பாளையத்துச் செம்மண் ஓடைகள் அப்படி வளர்ந்தவை. இதற்குத் தனித் தட்டு வைங்க. செம்மண்ணை ஈரமாக அழுத்தி, மேலே ஒரு ரூபாய் நாணயங்களைப் பரப்புங்க. சலைன் செட்டின் துளிக்கூண்டை அடியில் வெட்டிவிட்டால் ஒரு மில்லிக்கு 20 துளி, ஒவ்வொன்றும் சுமார் 4.5 மி.மீ. 13 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் வேகம் சரியாக 1.6 மீட்டர், அதாவது டைட்டன். 2 மீட்டரிலிருந்து விட்டால் 6 மீட்டரை ஒட்டி. பூமியின் முழு வேகம் வேண்டுமானால் மாடியிலிருந்துதான் விடணும். உயரத் துளியில் நாணயத்தைச் சுற்றி மண் போய், நாணயம் சின்ன மண்தூண் மேல் நிற்கும். மற்றதில் பெரிதாக ஒன்றும் நடக்காது. மின்விசிறியை அணைத்துவிடுங்க, துளி விலகும்.

கெடிலக்கரை:
நன்றிங்க. செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் ஆளுக்கொரு தட்டு வைக்கலாமா?

சூளைமேட்டுக்காரன்:
செவ்வாய்க்கு மணல் வாய்க்காலே போதும். ஈர்ப்பு அடிபட்டுவிடுவதால் கூழாங்கல்லை நகர்த்தும் ஆழம் அங்கேயும் கிட்டத்தட்ட இதேதான். அங்குள்ள கல்லான பாசால்ட் (எரிமலைப் பாறை) கொஞ்சம் கனம், அவ்வளவே. 2012-ல் செவ்வாயின் கேல் பள்ளத்தில் கியூரியாசிட்டி ஊர்தி படமெடுத்த உருண்ட கூழாங்கற்களின் அச்சுப்படத்தைப் பக்கத்தில் ஒட்டுங்க. வெள்ளிக்குத் தட்டே வேண்டாம்: கந்தக அமில மழை தரைக்கு வெகு மேலேயே ஆவியாகிவிடும், கீழே 460 பாகை செல்சியஸுக்கு மேல்.