60-ஐத் தாண்டினால் காரில் ‘ஊம்ம்’ என்று முழக்கம்: கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டுமா?

வைகைக்கரை:
அனைவருக்கும் வணக்கம். என்னுடையது 2014-இல் வாங்கிய சிறிய பெட்ரோல் கார். 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மாதம் இரண்டு முறை அம்மாவைத் தேனியிலிருந்து மதுரைக்குக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன்.

ஒரு மாதமாக வண்டியில் ஒரு சத்தம். 40-இல் லேசாகத் தொடங்குகிறது. 60-ஐத் தாண்டியதும் தொலைவில் மாவு மில் ஓடுவதைப் போல முழங்குகிறது. 80-இல் பின்னால் இருந்து அம்மா பேசுவதே காதில் விழுவதில்லை. ஆண்டிபட்டிக் கணவாய் வளைவுகளில் ஒரு பக்கம் திரும்பினால் கூடுகிறது, மறுபக்கம் திரும்பினால் அடங்குகிறது. எந்தப் பக்கம் என்று கவனிக்கத் தவறிவிட்டேன்.

முதலில் காட்டிய பட்டறையில் டயர் தேய்மானம் என்றார்கள். முன் டயர் இரண்டையும் மாற்றினேன். சத்தம் அப்படியே இருக்கிறது. அடுத்த இடத்தில் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கியர்பாக்ஸை இறக்க வேண்டும், 25,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். பணத்தைவிட, அம்மாவோடு நடுவழியில் நின்றுவிடுவேனோ என்ற பயம்தான் பெரிதாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பழைய ஸ்பேனர்:
தம்பி, கியர்பாக்ஸில் இப்போதைக்கு யாரையும் கை வைக்க விடாதீர்கள். முப்பத்தொரு வருடம் பட்டறையில் நின்றவன் சொல்கிறேன். வளைவில் சத்தம் கூடிக் குறைகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. சக்கரத்துப் பேரிங்கைத்தான், அதாவது சக்கரம் லேசாகச் சுற்ற உதவும் குண்டுகள் வைத்த வளையத்தைத்தான், நான் முதலில் சந்தேகிப்பேன்.

ஆள் நடமாட்டமில்லாத நேரான சாலையில் 60-இல் போகும்போது கிளட்சை மிதித்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். இன்ஜின் வேகம் இறங்கிவிடும். முழக்கம் அதோடு இறங்காமல் சக்கரத்தின் வேகத்தோடு தொடர்ந்தால் இன்ஜினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சாவியை மட்டும் அணைத்துவிடாதீர்கள். பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல்லாகிவிடும். பிறகு ஸ்டீயரிங்கைத் திருப்பி வண்டியை மெதுவாக இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். இடப்பக்கம் திருப்பினால் பாரம் வலப்பக்கச் சக்கரத்தில் இறங்கும். அப்போது முழக்கம் கூடினால் பெரும்பாலும் வலப்பக்கப் பேரிங்தான்.

டயர் என்று சொன்னவர்களைக் குறை சொல்ல மாட்டேன். டயர் ஏற்ற இறக்கமாகத் தேய்ந்தாலும் இதே சத்தம்தான் வரும். ஆனால் அது தார்ச் சாலையில் ஒரு மாதிரியும் சிமென்ட் சாலையில் வேறு மாதிரியும் கேட்கும். டயரின் மேல் உள்ளங்கையை முன்னும் பின்னும் தடவினால் ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம் போலவும் தட்டுப்படும். மாற்றுவதற்கு முன் ஒரு நிமிடம் தடவிப் பார்த்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

முடிவாகத் தெரிய வேண்டுமா? பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து, முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கித் தாங்கு கட்டை வைக்கச் சொல்லுங்கள். ஒரு கை சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மேல் இருக்கட்டும். மறுகையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். கெட்ட பேரிங் என்றால் ஸ்பிரிங் வழியாக விரலில் நறநறவென்று தெரியும். காது ஏமாறும், விரல் ஏமாறாது. மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், சரிசெய்யும்வரை அம்மாவைப் பஸ்ஸில் அழைத்துப் போங்கள்.

மலைப்பாதை:
என் வண்டியில் வந்தது வேறு சத்தம். இதே பக்கத்தைத் தேடி வருபவர்களுக்காகச் சொல்கிறேன். நேராக ஓடும்போது ஒன்றுமில்லை; ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பினால் ‘டக் டக் டக்’. சக்கரத்தின் உட்புறம் எட்டிப் பார்த்தேன். ஆக்ஸில் ஜாயிண்டை மூடும் ரப்பர் உறை கிழிந்து, ரிம் முழுவதும் கிரீஸ் தெறித்திருந்தது. சத்தம் வருவதற்கு முன்பே பார்த்திருந்தால் உறையும் கிரீஸும் மாற்றுவதோடு போயிருக்கும். எனக்கு ஜாயிண்டையே மாற்ற வேண்டியதாயிற்று.

வைகைக்கரை:
ஸ்பேனர் ஐயா, நேற்றுக் காலை 6 மணிக்குத் தனியாக எடுத்துப் போய்ப் பார்த்தேன். கிளட்சை மிதித்தும் முழக்கம் போகவில்லை. இடப்பக்கம் அசைத்தால் கூடியது, வலப்பக்கம் அசைத்தால் ஏறக்குறைய நின்றே போனது. இன்று மூன்றாவது பட்டறையில் நீங்கள் சொன்னபடி தூக்கச் சொல்லி வலப்பக்க ஸ்பிரிங்கில் கை வைத்தேன். மணலை அரைப்பது போல நறநறத்தது! இடப்பக்கம் அமைதியாகச் சுற்றியது. சென்ற மழையில் பாலத்தின் அடியில் தேங்கிய தண்ணீரில் வண்டியை இறக்கியது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. காரணம் அதுவாக இருக்குமா?

பழைய ஸ்பேனர்:
இருக்கலாம். பேரிங்கின் சீலைத் தாண்டித் தண்ணீர் புகுந்தால் கிரீஸ் கெட்டுத் துரு பிடிக்கும். பிறகு சில வாரங்களில் பாடத் தொடங்கும்.

மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். பழைய பேரிங்கைச் சுத்தியலால் தட்டி எடுத்தால் பரவாயில்லை. புதியதை, சீராக அழுத்தி ஏற்றும் பிரஸ் இயந்திரத்தில் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். அதுவும் வெளி வளையத்தில் அழுத்தம் கொடுத்து. உள் வளையத்தில் அழுத்தினால் குண்டுகள் பாதையில் பள்ளம் போட்டுவிடும். சில மாதத்தில் அதே முழக்கம் திரும்ப வரும். ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டி என்றால், பல பேரிங்குகளில் ஒரு முகத்தில் காந்தப் பட்டை இருக்கும். அதைத் திருப்பிப் போட்டுவிட்டால் எச்சரிக்கை விளக்கு எரியும். ஆக்ஸில் நட்டைப் புதிதாகப் போட்டு, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் குறித்த அளவுக்கு முறுக்கச் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
மாற்றியாயிற்று ஐயா. பேரிங், நட்டு, கூலி எல்லாம் சேர்த்து 2,900 ரூபாய். பட்டறைக்காரர் பிரஸ் உள்ள லேத் பட்டறைக்கு என்னையும் உடன் அழைத்துப் போனார். ஆண்டிபட்டி வரை 80-இல் ஓட்டிப் பார்த்தேன். காற்றுச் சத்தம் மட்டும்தான். வெள்ளிக்கிழமை அம்மாவோடு மதுரை போகிறேன். இடப்பக்கத்தையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்கிறார்கள். மாற்றட்டுமா?

பழைய ஸ்பேனர்:
வேண்டாம். சத்தமும் ஆட்டமும் இல்லாத பேரிங்கை ஏன் பிடுங்க வேண்டும்? அடுத்த சர்வீஸில் சக்கரத்தைத் தூக்கும்போது அந்தப் பக்கத்து ஸ்பிரிங்கிலும் கை வைத்துப் பாருங்கள்.