மாசி வீதிச் சந்தில் ஆறு ஆண்டுகள்: வேகன்ஆர் 1.2 அனுபவம்

முதல் பதிவு (மதுரை)

2019 ஜூன் மாதம் வாங்கிய எனது மாருதி சுசுகி வேகன்ஆர் கார் (1.2 லிட்டர் எஞ்சின், இசட்எக்ஸ்ஐ வகை), சென்ற வாரம் 58,000 கிலோமீட்டரைக் கடந்தது. புது வண்டி வாங்கிய முதல் மாதத்தில் யாருக்கும் குறை கண்ணில் படாது என்பதால், இத்தனை காலம் காத்திருந்து எழுதுகிறேன்.

இந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தவர் உண்மையில் என் தாயார். அவருக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் உண்டு. மூன்று விற்பனை நிலையங்களுக்கு அவரை அழைத்துச் சென்று மூன்று வண்டிகளில் ஏற்றி இறக்கிப் பார்த்தேன். முதல் இரண்டிலும் கூரை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, பள்ளத்தில் இறங்குவதுபோல உள்ளே போக வேண்டியிருந்தது. இறங்கும்போது இருவர் கைகொடுத்துத் தூக்க வேண்டியதாயிற்று. மூன்றாவதாக வந்த வேகன்ஆரின் பின்கதவைத் திறந்ததும், அவர் வண்டிக்கு முதுகைக் காட்டித் திண்ணையில் உட்காருவதுபோல இருக்கையில் அமர்ந்தார். பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைத்துக்கொண்டார். “இதையே எடுத்துருப்பா, மத்ததெல்லாம் எனக்குச் சரிப்படாது” என்று அவர் சொன்ன பிறகு விலைப்பட்டியலை நான் விரிவாகப் பார்க்கவில்லை. சாலை வரி, காப்பீடு எல்லாம் சேர்த்து ஆறு லட்சத்தைச் சற்றுத் தாண்டியது.

இரண்டாவது காரணம் எங்கள் சந்து. தெற்கு மாசி வீதியிலிருந்து பிரியும் அந்தச் சந்தில் இருபுறமும் இருசக்கர வாகனங்கள் நிற்கும். முனையில் ஒரு மின்மாற்றியும் உண்டு. வண்டியின் அகலம் 1,620 மில்லிமீட்டர், நீளம் 3,655 மில்லிமீட்டர். திரும்பும் ஆரம் 4.7 மீட்டர் என்று கையேட்டில் படித்தபோது அது வெறும் எண்ணாகத்தான் தெரிந்தது. என் மைத்துனரின் பெரிய வண்டி மூன்று முறை முன்னும் பின்னும் நகர்ந்து, அண்டை வீட்டாரின் வசவையும் வாங்கிக்கொண்டு திரும்பிய அந்த முனையில், என் வண்டி ஒரே வளைவில் திரும்பியபோதுதான் அந்த எண்ணின் பொருள் விளங்கியது.

எரிபொருள் கணக்கை முதல் நாளிலிருந்தே ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வருகிறேன். 32 லிட்டர் தொட்டியை நிரப்பி, குழாய் தானாக நின்றதும் நிறுத்திவிட்டு, அடுத்த முறையும் அவ்வாறே நிரப்பி, இடைப்பட்ட தூரத்தை லிட்டரால் வகுப்பதுதான் என் முறை. நகருக்குள் ஏ.சி.யுடன் லிட்டருக்கு 14 கிலோமீட்டர், நான்குவழிச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் 19. அந்நாளில் அறிவிக்கப்பட்ட சான்றளிப்பு அளவு 20.52 என்றாலும், அது சோதனைக்கூடத்தில் உருளைகளின் மேல் ஓட்டி எடுக்கும் அளவு. மதுரையின் சிம்மக்கல் நெரிசலை அந்த உருளைகள் அறியமாட்டா.

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஐந்து பேருடன் மூன்று முறை ஏறியிருக்கிறேன். 1,197 சி.சி. எஞ்சினின் உச்ச இழுவிசை நிமிடத்துக்கு 4,200 சுழற்சியில்தான் கிடைக்கிறது; ஆகவே கொண்டை ஊசி வளைவுகளில் மூன்றாம் கியரில் தவிக்கவிடாமல் முன்கூட்டியே இரண்டாம் கியருக்கு இறங்கிவிட வேண்டும். அப்படி ஓட்டினால் ஏ.சி.யை அணைக்கும் தேவைகூட வருவதில்லை. நம் நாட்டுச் சிறு வண்டிகளில் பெட்ரோல் எஞ்சின் 1,200 சி.சி.க்கு மேல் அரிதாகவே போவதற்குக் காரணம் பொறியியல் மட்டுமன்று: 2006-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் 1,200 சி.சி.க்கு மிகாத பெட்ரோல் எஞ்சினும் உள்ள கார்களுக்கு உற்பத்தி வரி 24 விழுக்காட்டிலிருந்து 16 ஆகக் குறைந்தது. வரிக்கோடு போட்ட இடத்தில் வண்டியும் நின்றுகொண்டது.

பராமரிப்பில் நேர்ந்த ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். நண்பர் ஒருவர் பரிந்துரைத்த தனியார் பணிமனையில் சக்கரங்களை முன்பின்னாக மாற்றித் தரச் சொல்லி வண்டியை விட்டேன். ஆசிரியர் தொழில் செய்தவன் என்பதால் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் கிடக்கும்; விடுவதற்கு முன் ஒவ்வொரு டயரின் உட்புறத்திலும் 1, 2, 3, 4 என்று எழுதிவைத்தேன். மாலையில் கட்டணச் சீட்டில் சக்கர மாற்றத்துக்கும் பணம் போட்டிருந்தது. குனிந்து பார்த்தால் நான்கு எண்களும் எழுதிய இடத்திலேயே இருந்தன. பணியாளர் தம்பி சிரித்துக்கொண்டே அந்தத் தொகையை அடித்துவிட்டார். அதன் பிறகு அந்தப் பக்கம் நான் போகவில்லை.

2020 ஊரடங்கில் இரண்டு மாதம் நின்றபோது எலி வயரைக் கடித்தது வேறு கதை. புகையிலைப் பொட்டலம், பாச்சை உருண்டை என்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வாரம் இருமுறை வண்டியை எடுத்து ஓட்டுவதைத் தவிர வேறெதுவும் எனக்குப் பலன் தரவில்லை.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் குளோபல் என்கேப் அமைப்பு 2023-இல் நடத்திய மோதல் சோதனையில், பெரியவர்களுக்கான பாதுகாப்பில் வேகன்ஆருக்கு ஐந்தில் ஒரே ஒரு நட்சத்திரம்தான் கிடைத்தது. அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை என்பது உண்மை. வண்டியை விற்கவில்லை, ஆனால் நெடுஞ்சாலையில் 80-ஐத் தாண்டுவதையும் இரவுப் பயணத்தையும் நிறுத்திவிட்டேன், பின்னிருக்கையிலும் பெல்ட் போடாமல் யாரையும் ஏற்றுவதில்லை. உயரம் அகலத்தைவிட 55 மில்லிமீட்டர் கூடுதலாக உள்ள வண்டிக்கு இந்த நிதானம் எப்படியும் தேவைதான். என் ஓட்டத்தில் பத்தில் எட்டுப் பங்கு நகருக்குள்ளேயே என்பதால் திருப்தி குறையவில்லை. தினமும் திருச்சிக்கும் மதுரைக்கும் ஓடுகிறவராக இருந்திருந்தால் வேறு முடிவு எடுத்திருப்பேன்.

மறுமொழி (கோயம்புத்தூர்)

ஐயா, தங்கள் பதிவை வரிக்கு வரி ஒப்புக்கொள்கிறேன். நான் வைத்திருப்பது 998 சி.சி. எஞ்சினுடன் வரும் சி.என்.ஜி. (அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு) வகை, நான்கு ஆண்டுகளில் 71,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கிலோவுக்கு 27 கிலோமீட்டர் கிடைப்பதால், மாதச் செலவைப் பார்த்து என் மனைவி இதைக் “கஞ்ச வண்டி” என்று செல்லமாக அழைக்கிறார். ஆனால் பின்புறம் 341 லிட்டர் இடம் என்று விளம்பரத்தில் படித்து இவ்வகையை வாங்க வருபவர்கள், 60 லிட்டர் எரிவாயு உருளை அந்த இடத்தில் படுத்திருப்பதை நேரில் பார்த்துவிட வேண்டும். பழனிக்குக் குடும்பத்தோடு போகும்போது பெட்டிகளைக் கைவிட்டு, உருளையின் மேலும் இடுக்கிலும் செருகக்கூடிய துணிப்பைகளுக்கு மாறிவிட்டோம். எரிவாயு நிரப்பும் வரிசையில் அரைமணி நேரம் நிற்கும் பொறுமையும் வேண்டும். அதிகாலை ஐந்தரைக்குப் போனால் கூட்டமும் இல்லை, அழுத்தமும் நன்றாக இருக்கிறது.

மறுமொழி (திருநெல்வேலி)

என் தந்தைக்கு இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறு கார்களின் ஜி.எஸ்.டி. 18 விழுக்காடாகக் குறைந்ததால் இப்போது வாங்க நினைக்கிறேன். அவரைக் கடைவரை அழைத்துச் செல்ல இயலாது. இருக்கை உயரம் அவருக்கு ஒத்துவருமா என்று எப்படி முடிவு செய்வது, ஐயா?

முதல் பதிவர்

தம்பி, அப்பா எந்தக் கட்டிலில் யார் துணையுமின்றி உட்கார்ந்து எழுகிறாரோ, அதன் உயரத்தை மெத்தையோடு சேர்த்து டேப்பால் அளந்துகொள்ளுங்கள். மெத்தையில் ஒருவர் அமர்ந்திருக்கும்போது அளப்பது முக்கியம், ஏனெனில் இரண்டு அங்குலம் வரை அமுங்கும். கடையில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தச் சொல்லி, அதேபோல ஒருவரை அமரவைத்துத் தரையிலிருந்து அளவெடுங்கள். கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்பதையும் பாருங்கள். அம்மாவுக்கு வாக்கரை உள்ளே கொண்டுவந்து நிறுத்த அந்த அகலம்தான் உதவியது. பெல்ட் கொக்கி எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்து, அறுவை செய்த இடுப்பு கதவுப் பக்கம் இருக்குமாறு உட்காரவைப்பதா என்பதை மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.