காரீயப் பூச்சா, படிவா, பற்றா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஏர்கன் எனும் காற்றுத் துப்பாக்கியில் ஸ்லக் வகைக் குண்டுகளைச் சுடும்போது குழலின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும் உலோக எச்சத்துக்கு ‘ஈயப்பூச்சு’, ‘ஈயப்படிவு’ என்ற இரண்டு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது.

ஈயம் பூசுதல் என்றவுடன் தமிழருக்கு நினைவில் வருவது, களிம்பேறாமல் இருக்கப் பித்தளைப் பாத்திரத்தின் உள்ளே வெள்ளீயத்தை உருக்கித் தடவும் தொழில்தான். குண்டில் இருப்பதோ காரீயம்; அது வேறு உலோகம், உடலுக்கு நஞ்சு. ஆகவே வெறும் ‘ஈயம்’ என்பதை விட்டுவிட்டுக் ‘காரீயம்’ என்றே தெளிவாகச் சொல்ல வேண்டும்.

அடுத்து, இந்த எச்சம் எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். ஏர்கன்னின் வழக்கமான குண்டாகிய பெல்லட் உடுக்கையைப் போல இடை சிறுத்தது. அதன் தலையும் பின்விளிம்பும் மட்டுமே குழலைத் தொடும். ஸ்லக் உருளை வடிவானது என்பதால் அதன் பக்கவாட்டு நீளத்தில் பெரும்பகுதி குழலின் உட்சுவரில் சுருளாக வெட்டிய புரிகளோடு உரசிக்கொண்டே செல்கிறது. காரீயம் 327 டிகிரி செல்சியசில்தான் உருகும். ஏர்கன்னில் குண்டைத் தள்ளுவது வெடிமருந்தின் எரிவாயு அன்று, விரியும்போது குளிர்ந்துவிடும் காற்று. எனவே இங்கே காரீயம் உருகி ஓடுவதில்லை, தேய்ந்து அப்பிக்கொள்கிறது. ‘படிவு’ என்ற சொல்லில், ஆற்று வண்டலைப் போலத் தானாக இறங்கித் தங்கும் பொருள்தான் மேலோங்கி நிற்கிறது. உரசி ஒட்டுவது அதில் தெரியவில்லை.

குறி சிதறத் தொடங்கிய ஒரு 5.5 மில்லிமீட்டர் குழலுக்குள் வெள்ளைத் துணித்துண்டை இழுத்துப் பார்த்தேன். முதல் துண்டில் கரிய சாம்பல்நிறக் கறை மட்டுமே வந்தது. எண்ணெய் தடவிச் சற்று ஊறவிட்டு இழுத்த மூன்றாவது துண்டில்தான், காக்காய்ப்பொன் துகள் போல மெல்லிய தகடுகள் மினுங்கின. அப்போது எனக்குத் தோன்றிய சொல் ‘பற்று’. உணவு ஒட்டிக் காய்ந்த பாத்திரத்தைப் பற்றுப் பாத்திரம் என்றுதானே சொல்கிறோம். பேச்சில் அது ‘பத்துப் பாத்திரம்’ ஆகிவிட்டது. வேண்டாமல் ஒட்டியது, தேய்த்தால்தான் போகும் என்ற இரண்டு குறிப்பும் அச்சொல்லிலேயே இருக்கின்றன. ஆகவே ‘காரீயப் பற்று’ என்பதை முன்மொழிகிறேன். கணக்கேட்டின் பற்றோடும் மனத்தின் பற்றோடும் இது குழம்பும் என்ற தடையை நான் பெரிதாகக் கருதவில்லை. முன்னே நிற்கும் ‘காரீய’ என்பதே பொருளை வரையறுத்துவிடுகிறது.

இப்படிக் கொண்டால் ‘பூச்சு’ என்ற சொல் நமக்கு மிஞ்சுகிறது. பற்று ஏறாமலிருக்கக் குண்டின்மேல் நாமே தடவும் மெழுகு அல்லது எண்ணெய்ப் படலத்தை ‘உயவுப் பூச்சு’ எனலாம். உராய்வைக் குறைக்கும் பொருளுக்கு ‘உயவு’ போலவே வழங்கும் ‘மசகு’ம் நல்ல சொல்தான். ஆனால் வண்டி அச்சில் தடவும் கெட்டிக் குழம்பையே அது கண்முன் நிறுத்துகிறது. இங்கே தேவைப்படுவது மிக மெல்லிய படலம். சுருள்வில்லின் விசையால் காற்றை அமுக்கும் ஸ்பிரிங் வகை ஏர்கன்னில் எண்ணெய் மிகுந்து அமுக்க அறைக்குள் போய்விட்டால், அழுத்தத்தில் சூடேறும் காற்று அதை எரித்தும் விடும்.

‘குழலில் பற்று ஏறியிருக்கிறது’, ‘பற்று நீக்கிய பின் குறி மீண்டது’ என்று வினையோடும் இயல்பாகச் சேர்கிறது. துணியிட்டுத் துடைக்கும் வேலைக்குப் ‘பற்றுநீக்கம்’ என்பதையே பெயர்ச்சொல்லாகக் கொள்ளலாமா என்பதில் உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.