சாங்கியில் நிற்கும் கப்பல் நம்மைக் காக்குமா?

தெம்பனிஸ் மாறன்:
பிப்ரவரி 15, மாலை 6.20. தேக்கா சந்தையில் வாழையிலை வாங்கிக்கொண்டு நின்றேன். அபாயச் சங்கு ஊதியது. பக்கத்தில் ஒரு பொடியன் "என்னப்பா சத்தம்?" என்று கேட்டான். "வருஷா வருஷம் ஊதுவாங்கடா" என்று சொல்லிவிட்டு அவன் அப்பா மீன் கடைப் பக்கம் நகர்ந்துவிட்டார். மனசு கேட்கவில்லை. 1942-இல் அதே நாள், கிட்டத்தட்ட அதே நேரத்தில்தான் புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமாஷித்தாவிடம் சரணடைந்தார்.

அன்று சிங்கப்பூர்த் தீவின் காவல் முழுக்க ஒரே ஒரு வாக்கை நம்பி இருந்தது: ஆபத்து வந்தால் பிரிட்டிஷ் கப்பற்படை வந்துவிடும். அதற்காக 1938-இல் செம்பவாங்கில் பெரிய தளத்தைத் திறந்தார்கள். தளம் இருந்தது, அதில் வந்து நிற்கக் கப்பல்கள் இல்லை. 70 நாளில் வரும் என்று போட்ட கணக்கு 1939-இல் 180 நாள் ஆனது. கடைசியில் வந்த இரண்டு பெரிய கப்பல்களும், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸும் ரிப்பல்ஸும், 1941 டிசம்பர் 10 அன்று மலாயாவின் குவாந்தானுக்கு அப்பால் மூழ்கின.

இப்போது சாங்கிக் கடற்படைத் தளத்துக்கு அமெரிக்கக் கப்பல்கள் வந்து போகின்றன. 1990-இல் போட்ட ஒப்பந்தத்தை 2019-இல் இன்னும் 15 வருஷத்துக்கு, 2035 வரை, நீட்டியிருக்கிறோம். நாளை தைவான் நீரிணையில் சண்டை மூண்டால் அந்தக் கப்பல் நம்மைக் காக்குமா, இல்லை நம்மையும் குறியாக்குமா? என் பதில் இரண்டாவது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பீரங்கி ராஜன்:
தம்பி, 1942 கதையை நீங்கள் சரியாகச் சொன்னீர்கள், பாடத்தைத்தான் மாற்றிப் படித்துவிட்டீர்கள். அன்று இந்தத் தீவுக்குச் சொந்தப் படை கிடையாது. காலனிக்குக் கூட்டாளி என்று யாரும் இல்லை, எஜமான் மட்டும்தான். இன்றைக்கு நிலைமை அப்படியா? 1965-இல் தனி நாடானபோது நம்மிடம் இருந்தது இரண்டு காலாட்படைப் பட்டாளம். 1967-இல் இளைஞர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கும் தேசிய சேவைச் சட்டம் வந்தது. அடுத்த வருஷமே, 1971-க்குள் கிளம்பிவிடுவோம் என்று பிரிட்டன் அறிவித்தது. நம் முதல் தற்காப்பு அமைச்சர் கோ கெங் சுவீ கட்டியது, யாரும் வராவிட்டாலும் சண்டை போடக்கூடிய படையை. கூட்டாளிகளோடு போட்ட ஏற்பாடுகள் அதன் மேல் எழுந்தவை. அஸ்திவாரம் நம்முடையது.

நான் பீரங்கிப் படையில் இருந்தவன். 155 மில்லிமீட்டர் பீரங்கி 20 கிலோமீட்டருக்கு மேல் சுடும். நம் தீவு வடக்கிலிருந்து தெற்கே 30 கிலோமீட்டர்கூட வராது. எங்கே வைத்து, எதை நோக்கிச் சுடுவது? முழுத் தூரத்துக்குக் குண்டு போய் விழுவதை நான் முதன்முதலில் பார்த்தது நியூசிலாந்தின் வையூருவில். ருவாபேஹு மலையில் பனி, கையுறைக்குள் விரல் விறைத்துப்போய்விடும். எங்கள் குழுவில் பீரங்கியைக் குறிவைக்கும் கருவியைத் திருப்புபவன் யீஷூன் பையன், அப்போதுதான் தொழில்நுட்பக் கல்லூரி முடித்து வந்திருந்தான். குண்டு கிளம்பிய பிறகு எல்லோரும் வாயைத் திறக்காமல் காத்திருந்தோம். அத்தனை நேரம் கழித்து, அவ்வளவு தூரத்தில் புகை எழும்பியதும் அவன் சொன்னான்: "சார், இத்தனை நாளா நான் வெறும் நம்பரைத்தான் திருப்பிக்கிட்டிருந்தேன்." அந்த ஒரு நிமிஷத்துக்கு நியூசிலாந்து வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஷோல்வாட்டர் பே வேண்டும். கூட்டாளி இல்லை என்றால் நம் பிள்ளைகள் எண்ணைத் திருப்பியே தேசிய சேவையை முடித்துவிட்டு வருவார்கள்.

தெம்பனிஸ் மாறன்:
அண்ணே, பயிற்சி நிலத்தை நான் குறை சொல்லவே இல்லை. 2016-இல் ஆஸ்திரேலியாவோடு போட்ட உடன்பாட்டை முழு மனசோடு ஏற்கிறேன். வருஷத்துக்கு 14,000 பேர் வரை அங்கே போய்ப் பழகலாம், நல்லது. நிலம் வாங்கிப் பழகுவது வேறு, ஒரு வல்லரசின் போர்க்கப்பலுக்கு எண்ணெயும் பழுதுபார்ப்பும் கொடுப்பது வேறு.

அதோடு பயிற்சி நிலமும் நம்மை மாட்டிவிடும். 2016 நவம்பர் ஞாபகம் இருக்கிறதா? தைவானில் பயிற்சி முடிந்து வந்த நம்முடைய ஒன்பது டெரெக்ஸ் கவச வாகனங்களைச் சீனாவின் ஹாங்காங் துறைமுகத்தில் பிடித்து வைத்தார்கள். திரும்பக் கிடைத்தது 2017 ஜனவரிக் கடைசியில். இரண்டு மாதம் நம் படையின் வாகனம் இன்னொருவர் கிடங்கில் கிடந்தது. 1975 முதல் நடந்துவரும் தைவான் பயிற்சி ஒரே நாளில் நம் கழுத்தைப் பிடித்தது.

பீரங்கி ராஜன்:
அது வணிகக் கப்பலில் ராணுவச் சரக்கை ஏற்றியதால் வந்த வினை. கப்பல் வழியைத்தான் மாற்ற வேண்டும், பயிற்சியை விட வேண்டியதில்லை. அப்போது அரசாங்கம் கூச்சல் போடாமல், பயிற்சியையும் விடாமல், வாகனத்தை மீட்டது. அதே சீனாவோடு 2009 முதல் கூட்டுப் பயிற்சியும் நடத்துகிறோம். 2019-இல் அமெரிக்காவோடு நீட்டித்த அதே வருஷம் சீனாவோடு இருந்த தற்காப்பு உடன்பாட்டையும் புதுப்பித்தோம். அமெரிக்காவோடு நாம் பரஸ்பரத் தற்காப்பு ஒப்பந்தம் போடவில்லை. ஜப்பானும் பிலிப்பீன்ஸும் போட்டிருக்கின்றன. நாம் வேண்டுமென்றே போடாமல் இருக்கிறோம். இடம் தருகிறோம், வாக்குத் தரவில்லை.

பட்டர்வொர்த் பாலா:
மலேசியாவிலிருந்து எழுதுகிறேன், உரிமையோடு நுழைந்துவிட்டேன். எங்கள் வீட்டுக்கு மேலே போர் விமானம் போகும் சத்தத்தில் வளர்ந்தவன் நான். ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாட்டின் வான் தற்காப்புத் தலைமையகம் எங்கள் ஊர் விமானத் தளத்தில்தான் இருக்கிறது. 1971-இலிருந்து அதற்குத் தலைமை ஆஸ்திரேலிய அதிகாரி. மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஐந்தும் சேர்ந்து பயிற்சி செய்கின்றன. ஆனால் அந்த ஏற்பாட்டில் என்ன எழுதியிருக்கிறது? தாக்குதல் வந்தால் ஐவரும் உடனே கலந்து பேசுவார்கள். அவ்வளவுதான். வந்து சண்டை போடுவார்கள் என்று ஒரு வரி கிடையாது. மாறன் சொல்லும் பயத்துக்கு அதில் ஆதாரம் இருக்கிறது.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். நம் இரண்டு நாட்டுக்கும் தண்ணீர், ஆகாயம், பெட்ரா பிராங்கா தீவு என்று எத்தனை தகராறு வந்தது! இத்தனைக்கு நடுவிலும் இரண்டு விமானப்படையும் ஒரே திரையைப் பார்த்துப் பழகுகின்றன. எதிரில் இருப்பவன் குரலைத் தெரிந்த அதிகாரி பயத்தில் பொத்தானை அழுத்த மாட்டான். அந்த ஏற்பாட்டின் பெரிய பலன் வெளி எதிரியைத் தடுப்பதில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் எதிரியாகிவிடாமல் பார்த்துக்கொள்வதில் இருக்கிறது.

உட்லண்ட்ஸ் மீனா:
பாலா அண்ணன் சொன்னதைப் படித்ததும் கைதட்டத் தோன்றியது. என் மகன் ஜனவரியில் தேசிய சேவைப் பயிற்சிக்குப் புலாவ் தேக்கோங் தீவுக்குப் போனான். முதல் வாரம் பேசியபோது குரலே கட்டிப்போயிருந்தது. இந்தத் திரியில் எல்லோரும் கப்பல், பீரங்கி என்றே பேசுகிறீர்கள். எங்கள் ஜன்னலைத் திறந்தால் மலேசியாவுக்குப் போகும் ஜொகூர் பாலம். 1942 ஜனவரி 31-இல் அதில் ஒரு பகுதியைத் தகர்த்துவிட்டுத்தான் பிரிட்டிஷ் படை இந்தப் பக்கம் வந்தது. எட்டு நாளில் ஜப்பானியர் சரிம்பூனில் இறங்கிவிட்டார்கள். பெர்சிவல் சரணடைந்ததற்குச் சொன்ன காரணங்களில் தண்ணீரும் ஒன்று. நீர்த்தேக்கங்கள் எதிரி கையில், குண்டு விழுந்து குழாய்கள் உடைந்து நகரத்துக்குத் தண்ணீர் சரியாக வந்து சேரவில்லை. 80,000-க்கும் மேற்பட்ட படைவீரர்கள் இருந்தும் வீட்டுக் குழாய் வறண்டதும் ஊர் விழுந்தது.

1984-இல் முழுமைத் தற்காப்பு என்று தொடங்கியபோது ராணுவம், குடிமை, பொருளியல், சமூகம், மனம் என்று ஐந்து தூண் வைத்தார்கள். 2019-இல் மின்னிலக்கம் ஆறாவது. இதில் ராணுவம் ஒன்றுதான். மற்ற ஐந்துக்கும் எந்தக் கூட்டாளியும் வர மாட்டான். நம் புளோக்கில் மூன்று நாள் மின்சாரம் நின்றால் பன்னிரண்டாவது மாடி பாட்டிக்கு யார் தண்ணீர் தூக்குவது? அமெரிக்கக் கப்பலா?

தெம்பனிஸ் மாறன்:
அக்கா, நீங்கள் என் பக்கம்தானே?

உட்லண்ட்ஸ் மீனா:
இல்லை தம்பி. உங்களுக்குக் கூட்டாளி வேண்டாம், ராஜன் அண்ணனுக்குக் கூட்டாளி வேண்டும். இரண்டு பேரும் வெளியே பார்த்துத்தான் பேசுகிறீர்கள். நான் உள்ளே பார்க்கச் சொல்கிறேன்.

கோவை செல்வா:
இங்கே வேலைக்கு வந்து ஆறு வருஷம். சின்னச் சந்தேகம். சிங்கப்பூர் விமானப்படை மேற்கு வங்காளத்தில் கலைகுண்டாவில் பயிற்சி செய்கிறதே, அதுவும் இந்தக் கணக்கில் சேருமா?

பீரங்கி ராஜன்:
சேரும் தம்பி. பீரங்கிப் படை மகாராஷ்டிரத்தில் தேவ்லாலிக்கும் போயிருக்கிறது. கடற்படைகள் இரண்டும் 1994 முதல் ஒன்றாகப் பயிற்சி செய்கின்றன.

மாறனுக்கு இன்னொன்று. மலாக்கா நீரிணையை எடுத்துக்கொள்ளுங்கள். 2005-இல் லண்டன் காப்பீட்டுக்காரர்கள் அதைப் போர் ஆபத்துப் பகுதிப் பட்டியலில் போட்டார்கள். கப்பல் காப்பீட்டுக் கட்டணம் ஏறினால் நம் துறைமுகத்துக்கு அடி. மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் மூன்றும் 2004-இலேயே சுற்றுக்காவல் தொடங்கியிருந்தன. பிறகு விமானக் கண்காணிப்பும் சேர்ந்தது. 2006-இல் பட்டியலிலிருந்து நீரிணையை எடுத்தார்கள், அதன் பிறகு தாய்லாந்தும் வந்தது. இதை நம் கடற்படை தனியாகச் செய்திருக்க முடியுமா? கொள்ளையன் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டால் துரத்துகிற படகு நின்றுவிட வேண்டும். அந்தப் பக்கம் நிற்பவர் நண்பராக இருந்தால்தான் அவன் பிடிபடுவான்.

தெம்பனிஸ் மாறன்:
நீரிணை விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன், அண்ணே. அதில் எல்லோருக்கும் ஒரே நலன், ஒரே கடல். அக்கம்பக்கத்துக்காரர்கள் நாளைக்கும் இங்கேதான் இருப்பார்கள். அமெரிக்கா விஷயம் அப்படி இல்லை. அவர்கள் நலன் எந்த நாளும் மாறலாம், தேர்தலுக்குத் தேர்தல் மாறுகிறது. 2035-க்கு முன்பு அந்த ஒப்பந்தத்தைப் பற்றி நாடாளுமன்றத்தில் வெளிப்படையாக, நாள் கணக்கில் விவாதம் நடக்க வேண்டும். சண்டை வந்தால் எந்தச் சூழலில் தளத்தைக் கொடுப்போம், எந்தச் சூழலில் கொடுக்க மாட்டோம் என்று போர்க்காலச் சேவையாளனான எனக்குத் தெரிய வேண்டும். அழைப்பு வந்தால் துப்பாக்கி தூக்கப்போவது நான்.

பீரங்கி ராஜன்:
அதை முன்கூட்டிச் சொன்னால் எதிரிக்கும் தெரிந்துவிடும். தெரியாமல் இருப்பதுதான் தடுப்பு. இதில் நாம் இரண்டு பேரும் ஒத்துப்போக மாட்டோம்.

தெம்பனிஸ் மாறன்:
ஒத்துப்போக மாட்டோம். திங்கட்கிழமை எனக்கு முகாம் பயிற்சி, இரண்டு வாரம் கைப்பேசி கையில் இருக்காது. மீனா அக்கா, நீங்கள் கேட்டதும் எங்கள் புளோக்கில் விசாரித்தேன். எங்கள் மாடியில் எட்டு வீடு. தண்ணீர் எடுத்து வைத்திருப்பவர் ஒரே ஒரு மலாய்ப் பாட்டி. ஜப்பான்காரன் காலத்தில் தன் அம்மா வாளியோடு வரிசையில் நின்றதைச் சொன்னார். நேற்று நானும் இருபது லிட்டர் கேன் இரண்டு வாங்கிவந்து சமையலறையில் வைத்திருக்கிறேன்.