உருவம் அறைக்குள் ஒட்டவே மாட்டேன் என்கிறது, என்ன செய்வது?

கரித்துண்டு:
ஆயிலில் உருவ ஓவியம் பழகுகிறேன். ஜன்னலோரம் நாற்காலியில் ஒரு பெண். கழுத்து, தோள், கை அளவெல்லாம் சரியாக வந்துவிட்டது, ஆனால் ஆள் தனியாகவும் அறை தனியாகவும் நிற்கிறது, வெட்டி ஒட்டியது போல. ஆளை முழுசாக முடித்துவிட்டுத்தான் பின்னணிக்குப் போவேன். உடற்கூறு இன்னும் படிக்க வேண்டுமா?

நிழல்தேடி:
உடற்கூறு போதும், வரிசைதான் சிக்கல். தோல் எவ்வளவு வெளிச்சம் என்பதைப் பக்கத்துச் சுவரை வைத்துத்தான் கண் முடிவு செய்கிறது. சுவர் வெறும் வெள்ளை கான்வாஸாக இருக்கும்போது தோலுக்கு வைத்த டோன், அதாவது வெளிச்சம்-இருட்டின் அளவு, சுவர் வந்ததும் மாறித் தெரியும். டச்சு ஓவியர் வெர்மீரின் 'பால் ஊற்றும் பெண்' படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஜன்னல் இடது பக்கம். வெளிச்சம் விழும் அவள் முன்பக்கத்துக்குப் பின்னால் சுவர் மங்கல், நிழலில் இருக்கும் முதுகுக்குப் பின்னால் சுவர் பளிச், போதாததற்கு அந்த விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு வேறு. அவள் தலைக்குப் பின்னால் முதலில் ஜாடிகள் மாட்டும் சட்டம் ஒன்றை வரைந்து பிறகு மூடியிருக்கிறார் என்று 2022இல் ஆய்வில் தெரிந்தது. அந்த வெறும் சுவர் அவர் யோசித்து வைத்தது, எனக்கு அதுதான் படத்தின் உயிர்.

ஈரத்தூரிகை:
ஒத்துக்கொள்கிறேன், ஆனால் எல்லா இடத்திலும் அப்படி எதிரெதிராக வைத்தால் நாடகம் போல ஆகிவிடும். டென்மார்க் ஓவியர் ஹாமர்ஷோய் கோபன்ஹேகனில் 1898 முதல் 1909 வரை குடியிருந்த வீட்டின் அறைகளையே திரும்பத் திரும்ப வரைந்தார், பல படங்களில் மனைவி ஈடா முதுகு காட்டி நிற்பார். கறுப்பு உடையின் விளிம்பு சில இடங்களில் நிழலோடு கரைந்துவிடும், ஆள் அந்தக் காற்றிலேயே இருப்பது போலத் தோன்றும். உங்கள் படத்தில் எல்லா விளிம்பும் ஒரே கூர்மையா என்று பாருங்கள். அப்புறம் தாடைக்கு அடியில் உடையிலிருந்து திரும்பி வரும் வெளிச்சம் இருக்கிறதே, அதை விட்டுவிடாதீர்கள், ஆனால் நேர் வெளிச்சம் படும் பகுதியைவிட அது எப்போதும் மங்கலாகத்தான் இருக்க வேண்டும்.

கரித்துண்டு:
எல்லா விளிம்பும் கூர்மைதான்! வலது தோளின் விளிம்பை இன்றே கரைத்துப் பார்க்கிறேன். அடுத்த படத்தை எங்கிருந்து தொடங்கலாம்?

நிழல்தேடி:
உள்ளங்கை அளவுத் தாளில், மூன்றே டோனில், முகம் விரல் எதுவும் இல்லாமல். ஆளின் நிழலும் தரை நிழலும் சேரும் இடத்தில் கோடு போடாமல் ஒரே திட்டாக வையுங்கள். அமெரிக்க ஓவியர் ஹாப்பர் 1952இல் வரைந்த 'காலை வெயில்' படத்துக்கான ஆயத்தக் கோட்டோவியத்தில் உடம்பு முழுக்க நிறக் குறிப்புகளாக எழுதி வைத்திருப்பார். அதையும் தேடிப் பாருங்கள்.