மேலான நிலை, ஆனால் டிரா: யானைகளை வெட்டிக்கொண்டது தவறா?

குழித்துறைக் காலாள் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் நாகர்கோவிலில் நடந்த ஒரு சதுரங்க ரேட்டிங் (தரப்புள்ளி) போட்டியின் நான்காம் சுற்றில், என்னைவிட ஏறத்தாழ 150 புள்ளிகள் கூடுதலாக உள்ள ஒருவருடன் வெள்ளைக் காய்களில் ஆடினேன். நேரம் 90 நிமிடம், நகர்வுக்கு 30 விநாடி கூடுதல். முப்பதாவது நகர்வின் முடிவில் (எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை) எனக்கு ராஜா டி2, யானை சி1, குதிரை டி4. சிப்பாய்கள் ஏ3, பி4, இ3, எஃப்2, ஜி3, எச்2. அவருக்கு ராஜா எஃப்8, மந்திரி (பிஷப்) டி7. சிப்பாய்கள் ஏ6, பி5, டி5, எஃப்7, ஜி7, எச்7. அவர் அப்போதுதான் யானையை இ8-இலிருந்து சி8-க்குக் கொண்டுவந்து, வெட்டிக்கொள்ள அழைத்தார்.

டி5 சிப்பாய் துணையின்றி நிற்கிறது. மந்திரியோ தன் சிப்பாய்கள் நிற்கும் வெள்ளைக் கட்டங்களிலேயே அடைபட்டுக் கிடக்கிறது. எனவே காய்களைக் குறைத்துவிட்டால் வெற்றி எளிதாகும் என்று எண்ணி, ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் யானைகளை வெட்டிக்கொண்டேன். அதன் பின் அவர் ராஜாவை டி6-இல் நிறுத்தி, எஃப்6, எச்6 என்று வலப்பக்கச் சிப்பாய்களைக் கறுப்புக் கட்டங்களில் அமைத்துக்கொண்டார். முப்பதுக்கும் மேற்பட்ட நகர்வுகள் குதிரையை அங்கும் இங்கும் கொண்டுசென்றும் உள்ளே நுழைய வழி கிடைக்கவில்லை. அதே நிலை மூன்று முறை வந்ததால் ஆட்டம் டிராவாயிற்று. நிலையில் மேலாக இருந்தும் வெல்ல முடியாமற்போவது எனக்கு இது முதன்முறையன்று. தவறு எங்கே?

வேளிமலை:

தவறு நீங்கள் யோசிக்காத அந்த ஒரு நிமிடத்தில்தான் இருக்கிறது. காய்களைக் குறைத்தால் எளிது என்ற பாடம், சிப்பாயோ காயோ கூடுதலாக வைத்திருப்பவருக்கு உரியது. உங்களிடம் இருந்தது எண்ணிக்கையில் இல்லாத மேன்மை. எந்தக் காய் களத்தில் இருந்தால் அந்த மேன்மை உறைக்கிறது என்று பார்க்காமல் வெட்டக்கூடாது. யானைகள் போன பிறகு டி5-ஐத் தாக்க உங்களிடம் ராஜாவும் குதிரையும் மட்டுமே உண்டு. காக்க அவரிடம் ராஜாவும் மந்திரியும் உண்டு. கணக்கு சமமாகிவிடுகிறது. அதோடு டி6-இல் நிற்கும் ராஜா சி5, இ5 என்ற இரண்டு வாசல்களையும் அடைத்துவிடுகிறது. 1935-இல் மாஸ்கோவில் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளோர் இதே வகையான முடிவாட்டத்தில், நல்ல குதிரையை வைத்துக்கொண்டு, டி5 தனிச் சிப்பாயும் கெட்ட மந்திரியும் உடைய முன்னாள் உலகச் சாம்பியன் கபபிளாங்காவை வெல்ல முடியாமல் டிரா செய்தார். அங்கேயும் ஒரே ஒரு பலவீனம். அதைக் காக்க ராஜா ஒருவரே போதுமானவராக இருந்தார்.

உங்கள் நிலையில் யானையை வெட்டாமல் சி5-க்கு நகர்த்தியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. டி5 தாக்கப்படுகிறது, அதைக் காக்க வழியில்லை. மந்திரியை இ6-க்குக் கொண்டுவந்தால் குதிரை அதை வெட்டி ராஜாவுக்குச் செக் வைக்கும். செக் என்பதால் அவர் உங்கள் யானையை வெட்ட முடியாது; எஃப்7 சிப்பாயால் குதிரையை வெட்டினால் நீங்கள் சி8-இல் யானையை வெட்ட, ஒரு யானை உங்களுக்கு லாபம். ஆகவே அவர் முதலிலேயே சி5-இல் வெட்டுவார். நீங்கள் பி4 சிப்பாயால் வெட்டுவீர்கள். இப்போதும் யானைகள் போய்விட்டன, ஆனால் சி5-இல் தடையற்ற சிப்பாய் (முன்னே மறிக்க எதிர்ச் சிப்பாய் இல்லாதது) ஒன்று பிறந்து, டி6 கட்டத்தையே அவருடைய ராஜாவுக்கு மறுத்துவிடுகிறது. உங்கள் ராஜா சி3, பி4 வழியாக ஏ5-க்குப் போகப் பாதையும் திறந்திருக்கிறது. ஏ6-ஐயும் அவர் காத்தாக வேண்டும், சி சிப்பாயையும் பார்த்தாக வேண்டும்.

குளச்சல் குதிரை:

வேளிமலை அவர்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் நுட்பத்தைவிட மனநிலையே இங்கு பெரிய காரணம் என்று தோன்றுகிறது. நான் தக்கலைப் பக்கம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நிலை மேலாக வந்தவுடன் அவர்கள் பலகையை விட்டு எழுந்து அடுத்த மேசையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். எதிராளி அழைத்தவுடன் வெட்டிக்கொள்வதும் அதன் இன்னொரு வடிவம்தான். அவர் விரும்பி அழைக்கிறார் என்பதே சந்தேகப்படப் போதுமான காரணம். 1974-இல் நீஸ் சதுரங்க ஒலிம்பியாடில், பின்னாளில் உலகச் சாம்பியனான கார்போவ், ஜெர்மானிய வீரர் உன்சிக்கருக்கு எதிராக ஏ ஃபைலில் (நெடுவரிசையில்) யானைகள் வெட்டுப்படாமலிருக்கத் தன் மந்திரியை ஏ7-இல் கொண்டுபோய் நிறுத்தினார். அந்தத் திரைக்குப் பின்னால் யானைகளை அடுக்கிக்கொண்டு, நெருக்கடியில் இருந்த எதிராளிக்குக் காய் குறையும் நிம்மதியைக் கடைசிவரை தராமல், ராஜா பக்கத்தில் ஆட்டத்தை முடித்தார்.

வடசேரி டிரா:

ஒரு சிறு மறுப்பு. இவற்றைப் படிக்கும் இளையவர்கள் இனி எதையும் வெட்டவே கூடாது என்று எடுத்துக்கொள்வார்கள். வெட்டுவது குற்றமன்று, வெட்டிய பின் வரும் நிலையை முன்கூட்டியே பார்க்காததுதான் குற்றம். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் பதினான்காம் ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு சிப்பாய் குறைவாக இருந்தாலும் டிரா செய்யக்கூடிய நிலையில், அப்போதைய சாம்பியன் டிங் லிரென் 55-ஆவது நகர்வில் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்தார். குகேஷ் அதை வெட்டிவிட்டு, மந்திரியை டி5-இல் வைத்தார். டிங்கின் மந்திரி ஏ8 மூலையில் இருந்ததால் விலகிப்போக இடமில்லை; மந்திரிகளும் போயின; மிஞ்சிய சிப்பாய் ஆட்டம் தோல்வி. யானைகளோடு மந்திரிகளும் போய்விடும் என்பதை டிங் பார்க்கவில்லை. அதே சமயம், டிரா என்று பலரும் எழுதிவிட்ட நிலையில் குகேஷ் மேசையை விட்டு எழாமல் ஆடிக்கொண்டே இருந்தார் என்பதும் குளச்சலார் சொன்னதற்குச் சான்று.

இன்னொன்று: ஒரே நாளில் இரண்டு சுற்றுகள் வைக்கும் போட்டிகளில், மதியச் சாப்பாடு முடித்து உடனே உட்காரும் இரண்டாம் ஆட்டத்தில் எல்லோருக்கும் யானையை வெட்டத்தான் கை போகிறது. எனக்கும்தான்.

குழித்துறைக் காலாள்:

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு மழையில் மின்சாரம் போயிருந்தது. இன்ஜின் (சதுரங்கக் கணினி நிரல்) இல்லாமல் பலகையிலேயே அந்த நிலையை வைத்துப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் யானையைச் சி5-க்கு நகர்த்துவது ஆட்டத்தின்போது கண்ணில் படாமலில்லை. பி4 சிப்பாய் சி5-க்குப் போய்விட்டால் என் ஏ3 தனியாகிவிடுமே, அவருக்கு மட்டும் தனிச் சிப்பாய் இருந்த இடத்தில் எனக்கும் ஒன்று வருமே என்று அதை உதறிவிட்டேன். ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம்: சி5-இல் நான் வெட்டிய பின் அவர் ஏ5, பி4 என்று தள்ளி, ஏ சிப்பாய்கள் வெட்டுப்பட்டு, பி4-இல் அவருக்கும் தடையற்ற சிப்பாய் வந்தால்?

வேளிமலை:

குதிரையைச் சி2-க்குப் பின்வாங்குங்கள். பி4 தாக்கப்படுகிறது, அவர் பி3 என்று தள்ளினால் குதிரை பி4-இல் வந்து அமர்ந்து டி5-ஐப் பார்க்கும், அந்த பி சிப்பாயை உங்கள் ராஜா சி3-இலிருந்து பறித்துக்கொள்ளும். ராஜா டி2-இல் இருப்பது இதற்குத்தான் உதவுகிறது.

குழித்துறைக் காலாள்:

வைத்துப் பார்த்துவிட்டேன். பி3 விழுகிறது.